கம்பிக்குள் ஒரு ஓமந்தை

கிளிநொச்சி.

மோட்டார் வாகனப் போக்குவரத்து ஆணையாளர் நாயகம்,
நாரஹேன்பிட்டி.

பெருமதிப்பிற்குரியீர்,

சோதனைச் சாவடி ஒன்று அமைத்துத் தருமாறு கோரல்

வன்னிச் சனம் இப்படிக் கேட்பது தங்களுக்கு அதிசயமாக இருக்கும். ஓமந்தைச் சாவடியில் இறங்கி, பொதி அவிழ்த்து, சீற்றைக் கழற்றிக் காட்டி, அடையாள அட்டையை நீட்டியே பாதி வயது போனவர்கள் நாங்கள். ஆனாலும் கேட்கிறோம். வீதியில் வேண்டாம், காருக்குள் வேண்டும்.

இங்கே ஓடுபவற்றில் பல ஜப்பானிலிருந்து வந்த றீகண்டிஷன் கார்கள். ஸ்ராற் பண்ணியதும் சிலதில் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் பணிவாக ஏதோ சொல்லும். நெடுஞ்சாலைக் கட்டண அட்டையைச் செருகவில்லையாம், பரந்தன் சந்தியில்! அந்தக் குரலாவது எங்கள் காதில் விழுகிறது. உள்ளே பிறேக், ஸ்ரியறிங், கதவுப் பூட்டு என்று ஒவ்வொன்றுக்குமுள்ள குட்டிக் கொம்பியூட்டர்கள் முறுக்கிய சோடிக் கம்பிகளில் பேசிக்கொள்வது யாருக்கும் கேட்பதில்லை. 1986இல் பொஷ் கம்பனி வெளியிட்ட 'கான்' என்ற முறை அது. அதில் வரும் செய்தி என்ன விடயம் என்று சொல்லும்; யார் அனுப்பியது என்று சொல்லாது. அடையாள அட்டை கேட்க ஆளில்லை. சின்ன இலக்கம் போட்ட செய்தி வந்தால் மற்றதெல்லாம் ஒதுங்கி வழிவிட வேண்டும். இந்த மரியாதை யாருக்கு உரியதென்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2022இல் லண்டனில் ஒரு டொயோட்டா ராவ்4 களவு போனது. கள்ளர் பம்பரை இழுத்து, முன் லைற்றுக்குப் போகும் வயரில் கருவியொன்றைக் கொழுவி, "சாவி இங்கேதான் இருக்கிறது" என்று கம்பிக்குச் சொல்லியிருக்கிறார்கள். கார் நம்பிவிட்டது. பறிகொடுத்தவர் வாகன இணையப் பாதுகாப்பு ஆய்வாளராம். 2015இல் அமெரிக்காவில் இருவர் வீட்டிலிருந்தபடியே இணையம் வழியாக நெடுஞ்சாலையில் ஓடிய ஜீப்பை மந்தமாக்கிக் காட்ட, 14 இலட்சம் வாகனங்களைத் திருத்த வேண்டி வந்தது. உரிமையாளர்களுக்கு யூ.எஸ்.பி. தபாலில் போனது. எங்கள் கார்களுக்கு அப்படி ஏதும் வந்தால், ஒசாகாவிலுள்ள பழைய சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் போகும்.

புகைச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வரிப்பத்திரம் கிடையாது, நல்லது. குழாயில் வருவதைப் பார்க்கிறீர்கள், கம்பியில் வருவதைக் கேட்பாரில்லை. முடியாதென்றும் சொல்ல ஏலாது. 2025இல் பிவைடி மின்சாரக் கார்களின் மோட்டார் 100 கிலோவாட்டா, மென்பொருளால் அடக்கிவைத்த 150 கிலோவாட்டா என்று சுங்கத்தார் மறித்து வைத்தார்களே! வரி என்றால் மென்பொருளுக்குள்ளும் தலை நுழையும்.

வாகன இணையப் பாதுகாப்புக்கென்றே ஐ.நா. விதி 155 இருக்கிறது. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானும் ஏற்றுக்கொண்டது. கார் கப்பலேறி அம்பாந்தோட்டையில் இறங்குகிறது, விதியை மட்டும் யாரும் ஏற்றிவிடவில்லை போலும்.

இப்படிக்கு,
வரிப்பத்திரம் ஒழுங்காக ஒட்டிய ஒருவன்

பிரதிகள்:
இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் – தகவலுக்காக.
ஸ்ரியறிங்குக்குக் கீழே மலிவு ஸ்கேனர் கொழுவி "கோட் அழிக்கும்" கராஜ் பாஸ்மார் – தேவையான நடவடிக்கைக்காக.