பளபளப்பு வியாதி

எங்கள் வீட்டில் தானாகக் கெட்டுப்போன சாமான்கள் குறைவு. நான் சுத்தம் செய்ததால் கெட்டுப்போனவைதான் அதிகம். மூடியைக் கழற்றி உள்ளே பச்சை போர்டைப் பார்த்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஓடிக்கொண்டிருக்கிறதா என்பது முக்கியமில்லை, மினுங்க வேண்டும்.

கொரோனா காலத்தில் வாங்கிக் குவித்த சானிடைசர் மிச்சம் இருந்தது. ஆல்கஹால்தானே என்று அதை வைத்து டிவி ரிமோட்டைத் துடைத்தேன். ஆல்கஹால் பறந்துவிட்டது. கை வறளாமல் இருக்க அதில் கலந்திருந்த கிளிசரின் பறக்கவில்லை. பழைய தூசி போய், புதுத் தூசியைப் பிடித்துவைக்கும் பிசுக்கு வந்தது. வால்யூம் பட்டன் அழுத்திய இடத்திலேயே ஒட்டிக்கொள்ள, சீரியல் நாயகி அழுதது தெருக்கோடி வரை கேட்டது.

அடுத்து ரேடியோ. கறை போகட்டும் என்று நகப்பூச்சு ரிமூவரைத் தொட்டேன். அதில் இருப்பது அசிட்டோன். பல பிளாஸ்டிக்குகளைக் கரைத்துவிடும். ஒரு சொட்டு சிந்தியதில் அலைவரிசை காட்டும் கண்ணாடிக்குக் கண்புரை விழுந்தது. அதே ரேடியோவில் செல் கசிந்து கம்பிச்சுருளில் உப்புப் பூத்திருந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்தேன். ஆல்கலைன் செல்லில் கசிவது காரம். அதற்குத்தான் எலுமிச்சையும் வினிகரும். மலிவான சாதா பென்சில் செல்லில் கசிவது லேசான அமிலம். அதற்குச் சமையல் சோடா. செல்லின் மேல் எழுதியிருப்பதை வாசிக்கும் பழக்கம் எனக்கு இல்லாததால், அமிலத்துக்கு அமிலத்தையே வார்த்தேன். “அழுக்கா இருந்தப்போ பாடிட்டாவது இருந்துச்சு” என்றாள் மனைவி.

இதற்குப் பிறகாவது படித்துவிட்டுச் செய்வோம் என்று படித்தேன். அதுதான் இன்னும் ஆபத்தாகப் போனது. 1980-களில் தொழிற்சாலைகள் போர்டுகளை சி.எஃப்.சி.-113 என்ற திரவத்தில் கழுவின. அது ஓசோனைத் தின்கிறது என்று 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் கடிவாளம் போட்டதும், சிலர் தண்ணீருக்கு மாறினார்கள். பலர், ஈயம் பிடிக்கத் தடவும் ஃப்ளக்ஸில் கழுவவே தேவையில்லாத வகைக்கு மாறினார்கள். இதில் ‘தண்ணீர்’ என்ற சொல்லோடு நான் எழுந்துவிட்டேன். கீபோர்டின் போர்டைக் குழாயடியில் காட்டினேன். அவர்களுடையது உப்பு நீக்கிய தண்ணீர், எங்களுடையது போர்வெல். காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. சிப்புக்கு அடியில் ஒளிந்திருந்த ஈரம் காயும்முன் அவசரப்பட்டு கம்ப்யூட்டரில் செருகினேன். ஈரம் மட்டும் இருந்தால்கூடப் பிழைத்திருக்கும். ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் செம்பை அரித்துவிடும்.

படித்ததில் மற்ற பாதியையும் வீணாக்கவில்லை. நானே ஈயம் வைத்த ஒரு போர்டில் ஃப்ளக்ஸ் பழுப்பாக ஒட்டியிருந்தது. கழுவத் தேவையில்லாத வகை. அப்படியே விட்டால் கெட்டியாகி, தன் வேதிச் சமாச்சாரங்களை உள்ளுக்குள் பூட்டிக்கொண்டு கிடக்கும். நான் பஞ்சில் கொஞ்சமாக ஆல்கஹால் தொட்டுத் தேய்த்தேன். பாதி கரைந்து, போர்டு முழுக்க வெண்படலமாகப் பரவி, பூட்டும் திறந்துகொண்டது. செய்தால் முழுதாகச் செய்யவேண்டும்: 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தாராளமாக ஊற்றி, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, கரைந்தது மறுபடி காயும்முன் டிஷ்யூவில் ஒற்றி எடுத்து, திரும்ப ஊற்றவேண்டும். கஞ்சத்தனம் பண்ணினால் அழுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் பாக்கி பெரும்பாலும் தண்ணீர். 99 சதவீதமோ சுலபமாகத் தீப்பற்றும். சமையலறை மேடையில் வைத்து வேலை செய்த புத்திசாலி யாரென்று சொல்லத் தேவையில்லை.

கரண்ட் நேராக வரும் பவர் சப்ளை போர்டுகளை இப்போது தொடுவதில்லை. நம் வீட்டு 230 வோல்ட், உள்ளே டி.சி.யாக மாறும்போது 325 வோல்ட் வரை ஏறி கெப்பாசிட்டரில் உட்கார்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டேனே என்ற தைரியம் அதற்குத் தெரியாது. தகரப் பிடி போட்ட பிரஷ்ஷால் அதைச் சீண்டியபோது நான் கத்தியது சீரியல் நாயகியைவிடச் சத்தமாக இருந்ததாம்.

மாமனார் வீட்டில் ஒரு பழைய ஸ்டெபிலைசர் தூசியோடு நிற்கிறது. “அது ஓடுது மாப்ளே, விட்ருங்க” என்கிறார். நான் போகும் நாளிலெல்லாம் அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்.