பூனையா குரங்கா: பழைய கணினியின் கிராபிக்ஸ் குறித்து ஒரு ஸ்ரீரங்கத்து விசாரம்

ஸ்ரீவைஷ்ணவத்தின் வடகலைக்கும் தென்கலைக்கும் நடுவே 18 பேதங்கள் உண்டு என்பார்கள். பூர்வாசாரியர்கள் காலத்தில் மதர்போர்டு இல்லாததால் பத்தொன்பதாவது விட்டுப்போயிற்று: பழைய கணினியில் படம் காட்டும் பொறுப்பு யாருடையது?

தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகும். குட்டி சும்மா இருந்தால் போதும். மோட்ச விஷயத்தில் இது மார்ஜார நியாயம், தென்கலை. குரங்குக் குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். இது மர்க்கட நியாயம், வடகலை. 1999-ல் இன்டெல் தன் 810 சிப்செட்டுக்குள் கிராபிக்ஸை வைத்தது பூனை வழி. 2010-ல் அது பிராசசரோடேயே குடியேறியது. தனி மெமரி கிடையாது, தனி விசிறி கிடையாது, பூரண சரணாகதி. கிராபிக்ஸ் கார்டோ ஸ்லாட்டைக் கெட்டியாகப் பிடித்துத் தொங்குகிறது. பிடி நழுவாதிருக்க ஒரு திருகும் உண்டு. ஸ்லாட் 75 வாட் வரை கொடுக்கும். ஜிடி 710 கேட்பது 19, ஜிடி 1030 கேட்பது 30. ஆகவே பழைய எஸ்எம்பிஎஸ் வெடிக்கும் என்ற பயம் வேண்டாம்.

வேகம் என்று வந்தால் வடகலையார் வேதாந்த தேசிகரைக் காட்டுவார்கள். பாதுகா சஹஸ்ரத்தின் 1008 சுலோகங்களையும் அரங்கத்தில் ஒரே இரவில் செய்தார் என்பது சம்பிரதாயம். தென்கலையார், 1323 படையெடுப்பின்போது அரங்கத்து உற்சவரான நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு வெளியேறிய பிள்ளை லோகாசாரியரைக் காட்டுவார்கள். இரண்டிலிருந்தும் நொடிக்கு எத்தனை பிரேம் என்று கணக்கிட வழியில்லை. திருவானைக்காவல்காரர்கள் சைவர்கள், இந்த வழக்கில் சேராமல் மொபைலில் பார்த்துக்கொள்கிறார்கள்.

பூர்வபட்சம். சித்திரை வீதித் தாத்தா ஒருவர், கூட்டத்துக்குப் பயந்து பரமபத வாசல் திறப்பை மறுநாள் யூடியூபில் சேவிக்கிறார் என்று கொள்வோம். பெட்டி 2011-ஆம் வருஷத்து சாண்டி பிரிட்ஜ் ஐ3. ரத்னாங்கியில் நம்பெருமாள் புறப்படும்போது படம் திக்குகிறது. “ஒரு கார்டு போட்டா சரியாயிடும் தாத்தா” என்று பேரன் ஜிடி 710 வாங்கி மாட்டுகிறான். மறுபடியும் திக்குகிறது. யூடியூப் பெரும்பாலும் அனுப்புவது விபி9 என்ற சுருக்க முறையில். அதை விரிக்கும் வன்பொருள் ஜிடி 710-க்குள் இல்லை. வேலை மொத்தமும் பழையபடி பிராசசர் தலையில். 2017-ல் வந்த ஜிடி 1030-க்குள் அது உண்டு.

அப்படியானால் 1030-ஐயே வாங்கலாமே என்பது ஆட்சேபம். வீடியோவுக்கு வாங்கலாம். விளையாட்டு என்றால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்த 1030 நொடிக்கு 48 ஜிபி தரவை நகர்த்தும். 2018-ல் அதே பெயரில் டிடிஆர்4 போட்டு இன்னொன்றை இறக்கினார்கள், அது 16.8. டிடிஆர்3-1600 ராம் இரண்டு ஸ்டிக் போட்ட கிழட்டுப் பெட்டிக்கே 25.6 உண்டு! கார்டு தன் 16.8-ஐத் தனக்கே வைத்துக்கொள்ளும், பூனைக்குட்டி 25.6-ஐப் பிராசசரோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது வாஸ்தவம். ஆனாலும் பெயரை மாற்றாமல் சரக்கை மாற்றியதற்கு எந்த வியாக்கியானத்திலும் சமாதானம் கிடைக்காது.

சித்தாந்தம். சேவிக்க மட்டும் என்றால் காசே வேண்டாம். பிரவுசரில் எச்264ஃபை என்ற நீட்டிப்பைச் சேர்த்தால் யூடியூப் எச்.264-ல் கொடுக்கும், 1080பி வரைதான், தாத்தாவின் மானிட்டருக்கு அதுவே அதிகம். அதைச் சாண்டி பிரிட்ஜின் உள் கிராபிக்ஸே விரித்துவிடும். ஒரே ஸ்டிக் ராமோடு ஓடுகிற பெட்டியானால் இன்னொன்று போடுங்கள், நொடிக்கு நகரும் தரவு இரட்டிப்பாகும். பேரன் விளையாடியே தீருவேன் என்றால் மட்டும் தில்லைநகர் போய், அட்டைப்பெட்டியில் ஜிடிடிஆர்5 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது மதம் ஒன்றும் உண்டு. கார்டையும் மாட்டுவார்கள், எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டிலேயே விட்டுவைப்பார்கள். கார்டு விசிறி சுற்றும். திரை பழைய கிராபிக்ஸில் ஓடும், அல்லது சிக்னல் இல்லை என்று நிற்கும். இவர்கள் எந்தக் கலை என்று தெரிய, மேஜைக்கடியில் குனிந்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.