தலைக்கனம்: ஓர் ஆராய்ச்சி

தலைக்கனம் என்பது குணத்தைச் சார்ந்த சொல்லென்றும், கல்வியாலோ செல்வத்தாலோ பதவியாலோ மனிதனுக்கு உண்டாகும் கர்வத்தையே அது குறிக்குமென்றும் பெரியோர் கூறிவர, நாமும் இதுகாறும் அதனை ஆக்ஷேபமின்றி ஏற்றுவந்திருக்கிறோம். நிமிர்ந்த தலையன் கர்வி, குனிந்த தலையன் விநயசீலன் என்பது இதிலிருந்து பெறப்பட்ட சித்தாந்தம். முற்றிய கதிர் தலைசாயும் என்று வயற்காட்டிலிருந்து அதற்கு ஓர் உவமையும் தருவித்திருக்கிறார்கள். இச்சித்தாந்தம் முற்றிலும் பிழையானது என்பதையும், குனிந்த தலையைப் போல் கனத்த தலை பிறிதொன்றில்லை என்பதையும் கிலோக் கணக்கில் நிறுவுவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு நான் தேர்ந்துகொண்ட க்ஷேத்திரம், தாம்பரத்துக்கும் சென்னைக் கடற்கரைக்கும் இடையே 1931 முதல் ஓடிவரும் மின்சார ரயில். ஒரு காலத்தில் இப்பெட்டிகளில் ஒருவர் பத்திரிகையை அகல விரித்துப் பிடித்திருப்பார். அதன் கடைசிப் பக்கத்தை எதிர் இருக்கைக்காரர் காசு கொடாமல் வாசித்துக்கொண்டிருப்பார். உடையவர் உரிமையாலும் மற்றவர் எட்டிப் பார்க்கும் அவசியத்தாலும், ஆக இருவருமே நிமிர்ந்திருந்தார்கள். இப்பொழுதோ, கைப்பேசி எனப் பண்டிதரும் செல் எனப் பாமரரும் வழங்கும் கருவியின் முன்னே வரிசை வரிசையாகப் பிடரிகள் வளைந்திருக்கும் காட்சியைக் காண்பவன், ஏதோ ஆராதனை நடக்கிறதென்று எண்ணித் தானும் செருப்பைக் கழற்றிவிடக் கூடும்.

வயதுவந்த மனிதனின் தலை ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ளது. அதைத் தாங்கும் பொறுப்பு கழுத்திலுள்ள 7 எலும்புகளுக்கு உரியது. ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7 தான் என்பதால், இலாகாவில் ஆள்பலம் போதவில்லை என்று மனிதக் கழுத்து மனுச்செய்ய வழியில்லை. இவற்றுள் உச்சியில் இருப்பதற்கு, வானத்தைச் சுமந்து நின்ற கிரேக்க புராண வீரனை நினைந்து, அட்லஸ் என்று நாமகரணம் செய்திருக்கிறார்கள். 2014-இல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்னும் நியூயார்க் முதுகெலும்பு அறுவை வைத்தியர் கணித மாதிரியொன்றைக் கொண்டு கணக்கிட்டபடி, தலை 15 பாகை முன்சாய்ந்தால் கழுத்தின்மீது இறங்கும் பாரம் சுமார் 12 கிலோ, 30 பாகையில் 18, 45-இல் 22, 60-இல் 27. தலை பருத்துவிடவில்லை, குடத்தை இடுப்போடு அணைத்திருப்பதற்கும் நீட்டிய கையில் பிடித்திருப்பதற்கும் உள்ள பேதமே இது. தலை முன்னே போகப்போக, அது மார்பில் வந்து விழுந்துவிடாதபடி பிடரித் தசைகள் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. தலையின் எடையும் அந்த இழுப்பின் விசையும் சேர்ந்து எலும்புகளின்மேல் அமர்கின்றன. கடைத்தெருவில் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்க ஆள் தேடுகிற கனவான், அதற்கு மேலும் 2 கிலோவைப் பிடரியில் ஏற்றிக்கொண்டு, கூலியின்றி, பல்லாவரம் கடந்து பரங்கிமலை கடந்து, யார் வீட்டுப் பூனையோ செய்யும் சேஷ்டைகளைப் பார்த்தபடி மாம்பலம் போய்ச் சேருகிறார்.

இதற்கு இலக்கணச் சான்றும் உண்டு. கழுத்தின் பின்புறத்துக்கு எருத்து என்றொரு பழம்பெயர் இருப்பதும், கலிப்பாவின் முதலுறுப்பாகிய தரவுக்கும் எருத்து என்ற பெயர் வழங்குவதும் யாப்பு பயின்றோர் அறிந்தவை. டேட்டா என்பதை இக்காலத்தார் தரவு என்கிறார்கள். எனவே எருத்தும் தரவும் ஒன்றேயாகி, நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி தரவு என்று விற்போர் விற்பது வாங்குவோரின் கழுத்தையே என்பது பெறப்படும். இது சொற்சிலம்பம் என்று எவரேனும் கூறுவாராயின், இதனினும் மெலிந்த சான்றுகளால் பட்டம் பெற்றோர் பலர் என்று மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

இனிப் பூர்வபக்ஷம். பிரேசில் நாட்டில் 18 முதல் 21 வயது வரையுள்ள 150 பேரைச் சோதித்து 2018-இல் வெளியான ஆய்வொன்று, குனிந்து கைப்பேசி பார்ப்பதற்கும் கழுத்துவலிக்கும் சம்பந்தம் தென்படவில்லை என்று கூறிற்று. என் கொள்கையை இது அசைக்கவில்லை என்பதோடு, வலுப்படுத்தவும் செய்கிறது. தலைக்கனம் உடையவனுக்கு அது என்றைக்கு வலித்தது? வலியெல்லாம் பக்கத்திலிருப்பவர்களுக்கு அல்லவா!

சும்மாடு வைத்துத் தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக ஊருணியிலிருந்து வந்த நம் பாட்டிமாரைக் காட்டி, கனம் என்றால் அதுவன்றோ என்பது இரண்டாவது ஆக்ஷேபம். ஆனால் அவர்கள் கழுத்து முளையடித்தாற்போல் நேரே நின்றது. சுமை முதுகெலும்பின் வழியே செங்குத்தாக இறங்கிக் காலைச் சேர்ந்தது. தலைமேல் கனம் இருந்ததே ஒழிய, தலை கனக்கவில்லை. குனியாமல் தெருவில் நடந்துவந்த அந்த மருமகளைத் தலைக்கனம் பிடித்தவள் என்று திண்ணையிலிருந்த மாமியார் ஏசியிருப்பாள்; பௌதிகப்படி தவறு மாமியாருடையது.

பரிகாரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காலோடு பிறந்தவரைக் கொண்டு மிதிக்கச் செய்தல் கிராமத்து முறை; அத்தகையோர் இக்காலத்தில் கிடைப்பது அரிது. முடிதிருத்தகத்தில் "நெட்டி எடுக்கட்டுமா சார்?" என்று கேட்டு, பதில் வருமுன் தலையை இருபுறமும் வெடுக்கென்று திருகும் முறையை மட்டும் நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்; மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் இரண்டு அக்கழுத்தெலும்புகளின் துவாரங்கள் வழியாகவே ஏறுகின்றன, அவை கிழிந்து பக்கவாதம் கண்டவர்களும் உண்டு.

கருவியைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்தலே நிபுணர்கள் விதிக்கும் உபாயம். சாஸ்திரத்துக்குக் கட்டுப்பட்டு, சென்ற வாரம் குரோம்பேட்டையிலிருந்து அவ்வாறே நிமிர்ந்து, கையை நீட்டிப் பிடித்துப் பயணம் செய்தேன். மீனம்பாக்கம் வரை கழுத்து சுகமாகவும் தோள் துக்கமாகவும் இருந்தன. பழவந்தாங்கலில் எதிர் இருக்கைக்காரர் தம் 60 பாகையிலிருந்து மெல்ல நிமிர்ந்து என்னை உற்று நோக்கி, "என்ன சார், என்னையா போட்டோ எடுக்கறீங்க?" என்றார். பெட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் ஒன்றும் பேசாமல் 22 கிலோவுக்கு இறங்கிவிட்டேன்.