செம்மயிர்த் தேனீயும் மண்வாசக் கிருமியும்: ஓர் ஒப்பாய்வு

இரு கவிஞர்களைச் சேர்த்துக் கட்டி, 'இருவரும் இயற்கையைப் பாடியுள்ளனர்' என்று முடியும் ஆய்வேடுகள் நம் பல்கலைக்கழக அலமாரிகளில் நிறையவே தூங்குகின்றன. அறிவியலுக்கும் அந்தப் பாக்கியம் கிட்டட்டும் என்றே இதற்குத் துணிந்தேன்.

எடுத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, இங்கிலாந்தின் புல்தரைகளில் வளை தோண்டும் ஆண்ட்ரீனா ஃபுல்வா என்னும் தேனீ. மற்றது, ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்னும் மண் பாக்டீரியா.

ஒற்றுமை: இரண்டும் மண்ணில் உள்ளன (காண்க: முந்தைய பத்தி).

அளவு: தேனீ பெரியது. அறிஞரிடையே சண்டை இல்லாததால் இப்பகுதியை வளர்க்க இயலவில்லை.

குடித்தனம்: இந்தத் தேனீக்கு ராணியும் இல்லை, கூட்டமும் இல்லை. ஒவ்வொரு பெண்ணும் தனக்கென வளை தோண்டி, வாயிலைச் சுற்றி மண்ணைக் குவிக்கிறது. பாக்டீரியா இழை இழையாகக் கிளைத்து, மேலே வித்துச் சரங்களை நீட்டுகிறது. அதன் மரபணுத் தொகுதி 2002இல் வெளியானபோது 7,825 மரபணுக்கள் இருக்கலாம் எனக் கணித்தார்கள். தேனீயின் வளைகளை நான் எண்ணவில்லை.

நிறம்: ஆய்வின் உயிர்நாடி இதுவே. 'ஃபுல்வா' என்றால் செம்பழுப்பு. பெண் தேனீயின் முதுகு மயிரைப் பார்த்து வைத்த பெயர். 'சீலிகலர்' என்றால் வானநிறம். பாக்டீரியா சுரக்கும் நீலச் சாயத்தால் வந்தது. இருவரும் குடியிருப்பதோ கும்மிருட்டில். அங்கே நிறத்தை யார் பார்த்தார்? (காண்க: மேற்படி கேள்வி, விடைக்கு, கீழ்ப்படி.) அதோடு நிற்கவில்லை. அந்த நீலச் சாயம், ஆக்டினோரோடின், அமிலத்தில் சிவந்துவிடுகிறது! அப்படியானால் வானநிறத்தானும் செம்மயிராளும் ஒரே நிறம், ஒரே நிறமென்றால் ஒரே குலம், ஒரே குலமென்றால் ஒரே மூதாதை (ஒப்புநோக்குக: இதே வாக்கியம், நான் எழுதியபோது, இதே வாக்கியம், மறுநாள் படித்து வியந்தபோது, இதே வாக்கியம், இதை மேற்கோள் காட்டி நான் எழுதப்போகும் அடுத்த கட்டுரை, முதல் பக்கம்). தம்மைத் தாமே மேற்கோள் காட்டுவது பெரியோர் வகுத்த மரபு. மீற எனக்கு வயதில்லை.

மணம்: மழை பட்டதும் மண்ணிலிருந்து எழும் வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினை பாக்டீரியா தயாரிக்கிறது. தேனீ தயாரிப்பதில்லை. என் முடிவுக்கு இது இடைஞ்சல், எனவே நீக்கப்பட்டது.

மறுப்பு இருப்போர் தேனீயையே நேரில் விசாரிக்கலாம். ஆனால் வசந்தத்தில் வரவும். மற்ற மாதங்களில் அடுத்த தலைமுறை மண்ணுக்குள்தான் கிடக்கும்.