பத்திரசாமி

ஊருக்கு ஒரு பத்திரசாமியாவது இருப்பார். அப்பா அம்மா வைத்த பெயர் வேறாக இருக்கும். எந்தப் பொருளைக் கேட்டாலும் "பத்திரமா இருக்கு" என்பார். எடுத்து மட்டும் தரமாட்டார்.

அவருடைய சொத்துகளில் தலையாயது, மாமனார் எடுத்துக் கொடுத்த ரிசப்ஷன் கோட்டு. "சுத்தக் கம்பளி மாப்பிள்ளை" என்றுதான் மாமனார் கொடுத்தார். "டெரிகாட்டைத் தலையில கட்டிட்டார்" என்று பத்திரசாமி அன்று ஆரம்பித்த புலம்பல் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் கோட்டை விட மனசில்லை.

சித்திரை மாதக் கல்யாணம், ஏ.சி. இல்லாத மண்டபம், மேலே வீடியோக்காரரின் விளக்கு. காலர் வியர்வையில் ஊறியது. கை ஓரத்தில் பாயசம் சிந்தியது. "ஒரு நாள் போட்டதுக்கு டிரை கிளீனிங் ஒரு கேடா?" என்று அப்படியே மடித்து பீரோவில் திணித்தார். அந்துப்பூச்சியின் புழுவுக்குச் சலவைக் கம்பளியைவிட வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட கம்பளிதான் உசத்தி. இலை போட்டுத் தண்ணீர் தெளிக்காததுதான் பாக்கி.

அதற்காகப் பத்திரசாமி சும்மா இருந்துவிடவில்லை. டியூப் லைட்டைச் சுற்றும் பூச்சிகளையெல்லாம் செருப்போடு விரட்டி விரட்டி அடிப்பார். செத்ததெல்லாம் வேறு சாதி. துணியரிக்கும் அந்துப்பூச்சி வெளிச்சத்தைக் கண்டாலே ஓடி ஒளியும். போதாக்குறைக்கு, சிறகு முளைத்துவிட்டால் அது எதையும் தின்பதே இல்லை, முட்டையிடுவதோடு சரி. அரிப்பது முழுக்கப் புழுப் பருவத்தில். வெளிர் உடம்பும் பழுப்புத் தலையுமாக, மடிப்புக்குள் நூலாம்படை பின்னிக்கொண்டு, பீரோ இருட்டில் நிம்மதியாக நடக்கிற காரியம் அது.

"ஏங்க, ஒருவாட்டி வெயில்ல போட்டு உதறி வையுங்களேன்."

"கலர் போயிடும்."

"உங்க தம்பி கல்யாணத்துக்காவது போட்டுக்கோங்க."

"கசங்கிடும்."

அந்த அம்மாள் சொன்னதுதான் சரியான வைத்தியம். வெயிலும் உதறலும் புழுவுக்கு ஆகாது. பத்திரசாமியின் நம்பிக்கையெல்லாம் அந்துருண்டை மேல். அதுவும் நல்ல மருந்துதான், இறுக மூடிய பெட்டிக்குள் ஆவி தங்கினால். இவருடைய பீரோக் கதவு கல்யாணச் சீராக வந்த நாள் முதல் சரியாகச் சாத்தியதில்லை. ஆவி மாடி வீடு வரை போய் வாசனை பரப்பும். உருண்டை சுருங்கிக் காணாமல் போனதும், "பார்த்தியா, உருண்டையையே தின்னுட்டுது!" என்று இன்னும் நாலு போடுவார்.

மகன் கல்யாணத்துக்குக் கோட்டு வெளியே வந்தது. தூக்கிப் பிடித்தால் காலர் வழியாக எதிர்ச் சுவர் காலண்டரில் தேதி தெரிந்தது. பையைக் கவிழ்த்ததும் பொடிப் பொடியாக எச்சம் கொட்டியது, அதே கருநீலத்தில். தின்ற துணியின் சாயம் அதிலும் தெரியும். உள்ளே தைத்திருந்த பாலியெஸ்டர் லைனிங்கில் மட்டும் ஒரு கீறல் கிடையாது.

டார்னிங் கடைக்காரர் கோட்டை விளக்கில் காட்டிப் பார்த்தார். "இதுல ஓட்டையை அடைக்க முடியாது சார். ஓட்டைக்குத்தான் துணி போடணும்."

பத்திரசாமி வாயடைத்து நிற்க, அந்த அம்மாள் முகத்தில் மட்டும் அப்படியொரு பிரகாசம்.

"இப்பவாவது நம்புறீங்களா, எங்கப்பா சுத்தக் கம்பளிதான் எடுத்துக் கொடுத்தாருன்னு? டெரிகாட்டை எந்தப் புழுவுங்க இப்படித் தின்னும்?"