இரண்டு மாணவர், ஒரே வகுப்பு

கேள்வி: வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் தாய், மூத்த பிள்ளைக்கு வீட்டில் பாடம் சொல்லித்தர முடியுமா?

பதில்: தாராளமாக. ஒருவருக்கு எடுக்கும் வகுப்பை இருவர் கேட்கிறார்களே! 1986-இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்க உளவியலாளர்கள் டிகாஸ்பரும் ஸ்பென்ஸும், பேறுகாலத்துக்கு முந்தைய ஆறு வாரங்கள் கர்ப்பிணிகளை ஒரே கதையைத் தினமும் உரக்கப் படிக்கச் சொன்னார்கள். பிறந்த சிசுக்கள் செயற்கைக் காம்பைச் சப்பும் இடைவெளியை மாற்றி அந்தக் கதையையே ஒலிக்கவைத்துக் கேட்க விரும்பின, வேறொரு பெண் படித்தபோதும்கூட. அப்படியானால் மகாபாரத அபிமன்யு போலக் கருவிலேயே வாய்ப்பாடு ஏறிவிடுமா? ஏறாது, பதிவது ஓசையும் தாளமும்தான், பொருள் அல்ல. களைத்த உடம்புக்கு இந்தச் சுமை வேறா என்று கேட்பது நியாயமே. அதனால்தான் சொல்கிறேன், கரும்பலகைமுன் நிற்கவே வேண்டாம். சாய்ந்து படுத்தபடி கதை படித்தால் போதும். மூத்தது எழுத்துக்கூட்டட்டும், அம்மா திருத்தட்டும். கணக்குப் பாடமும் அடுப்படியும் அப்பாவின் பொறுப்பு.