துண்டே, நீ வாழ்க!

இலங்கை மலைநாட்டுக் கோப்பித் தோட்டத்துக்குப் போன கூலிக்காரனை ஊர் மறந்தது, உறவு மறந்தது. 19ஆம் நூற்றாண்டில் அவனை ஒருநாளும் மறக்காமல் இருந்தது நீ மட்டும்தான், துண்டே. ஆள் சேர்த்து வந்து வேலைவாங்கும் இந்தக் கங்காணியின் ஆட்கள் இத்தனை பேர், கடன் இவ்வளவு, கட்டினால் விடுவோம் என்று தோட்டத்துத் துரை கையெழுத்திட்ட சின்னக் காகிதம் நீ.

உன் ஞாபகத்தை எப்படிப் புகழ்வேன்! ராமநாதபுரத்துக் கரையில் தோணி ஏறுமுன் கொடுத்த முன்பணம், மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்த நாட்களில் பொங்கித் தின்ற அரிசி, மலைக்குளிருக்குக் கொடுத்த கம்பளி, அத்தனையும் உன்னிடம் பத்திரம். வாந்திபேதி கண்டு ஓடையோரம் விட்டுவந்த பிள்ளை தின்ற அரிசியும் அதில் சேர்த்தி. பிள்ளையின் பேர்தான் இல்லை.

பேர் என்றதும் தோட்டத்துப் 'பேர்' நினைவுக்கு வருகிறது. அங்கே ஒரு நாள் கூலிக்குப் பேர் என்று பேர். விடியுமுன் தப்புச் சத்தம். புருசன், பெண்சாதி, நடக்கத் தெரிந்த பிள்ளை எல்லோரும் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். அந்தியில் பழத்தை அளப்பார்கள். அளவு குறைந்தால் செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் அரைப் பேர். நிறைசூலி ஒருத்தி நாள் முழுக்க மலைச்சரிவில் குனிந்து பறித்துவிட்டு அரை மனுசியாக லயத்துக்குத் திரும்புவாள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, சன்னல் கிடையாது. ஈரவிறகைப் புகையவிட்டு அதே கங்காணி கடனுக்குக் கொடுத்த அரிசியை உலையில் போடுவாள். அந்தப் படியையும் நீ விட்டுவைக்கமாட்டாய்.

குடும்பத்தைச் சிதறவிடாமல் காத்ததிலும் உனக்கு நிகரில்லை. புருசன் செத்தால் அவன் பற்று பெண்டாட்டிக்கு, பிறகு பிள்ளைக்கு. நிலம் வைத்துப்போக வக்கில்லாதவனையும் வாரிசுக்கு ஒன்று விட்டுப்போக வைத்தவன் நீ. சர்க்காரும் உனக்குத் துணை நின்றது: 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொல்லாமல் தோட்டத்தைவிட்டுப் போனவனுக்குச் சிறை.

உன் உறுதிதான் உறுதி! 1869இல் கோப்பி இலையில் துருநோய் விழுந்தது. மலைமலையாய்ச் செடி பட்டுப்போயிற்று. துரைமார் பலர் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். அவர்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கியே 1884இல் முறிந்தது. நீ முறியவில்லை. கோப்பியைப் பிடுங்கித் தேயிலை நட்ட மண்ணிலும் வேர்பிடித்தாய். உன்னை ஒழிக்க 1921இல் ஒரு தனிச்சட்டமே வேண்டியிருந்தது.

அதுவரைக்கும், தோட்டம் மாறும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்னால் நீ நடந்தாய். பின்னால் அவள் தலையில் பானை, இடுப்பில் குழந்தை. அவன் தோளில் கம்பளி. கங்காணியின் கோட்டுப் பையில் மடிந்திருந்த உன்னை அவர்களுக்கு வாசித்துக் காட்ட வழியில் ஓர் ஆளில்லை.